சாட்டியின் சொற்களைக் கடைசிப் பக்கத்துக்கு அனுப்பிய புத்தகம்

பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி பியானோவுக்கு எழுதிய சிறு இசைத்துண்டுகளான மூன்று ஜிம்னோபெடிகளும் முதல் மூன்று க்னோசியென்களும் அடங்கிய இந்தப் பியானோ புத்தகத்தை நான்கு மாதங்களாக வாசித்து வருகிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அச்சுக்கோத்தவருக்கு மட்டும் என்றால் ஐந்தும் கொடுத்திருப்பேன்.

தாள் நல்ல கனம். விளக்கடியில் கண் கூசவில்லை. ஸ்வரங்கள் பெரிதாக இருப்பதால் மூக்குக்கண்ணாடியைத் தேடாமலே உட்கார முடிகிறது. முதல் ஜிம்னோபெடியில் இடக்கை கீழே ஒரு ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு மேலே ஒரு ஸ்வரக் கொத்துக்குத் தாவவேண்டும். அடுத்த அடியிலும் அதே தாவல். கேட்பவருக்குத் தாலாட்டுப் போல இருக்கும், தாவுகிற கைக்குத்தான் கஷ்டம் தெரியும். 1888-இல் இதை எழுதி முடித்தபோது சாட்டிக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை. பைண்டிங் விறைப்பு. புத்தகம் தானாக மூடிக்கொள்கிறது. துணிக்கிளிப் போட்டு வைத்திருக்கிறேன்.

என் கோபம் க்னோசியென்களில் தொடங்குகிறது. இவற்றில் தாளக்கட்டைப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகள் கிடையாது. பக்கம் முழுவதும் ஒரே ஓட்டம். எங்கே மூச்சு விடுவது என்று முதல் வாரம் விழித்துக்கொண்டிருந்தேன். அந்தத் திகைப்பில் கைகொடுப்பவை சாட்டி ஆங்காங்கே எழுதி வைத்த சொற்கள்தாம். மற்றவர்கள் 'மெதுவாக', 'மென்மையாக' என்று எழுதுகிற இடத்தில் அவர் 'எண்ணத்தின் நுனியிலிருந்து' என்பார், 'வியப்போடு' என்பார், மூன்றாவதில் 'தலையைத் திறந்துகொள்ளுங்கள்', கடைசியில் 'ஒலியைப் புதையுங்கள்' என்பார். பதிப்பாசிரியர் இவற்றை வெறும் குறும்பு என்று நினைத்தார் போலும். எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துக் கடைசிப் பக்கத்தில் அட்டவணையாக்கிவிட்டு, அவை இருந்த இடத்தில் பொடிப்பொடி எண்களைப் போட்டிருக்கிறார். 'வியப்போடு' என்று கண்ணில் பட்டால் விரல் ஒரு கணம் தயங்குகிறது. 7 என்று பட்டால் என்ன செய்யும்?

பின்னால் எழுதிய ஒரு பியானோத் தொகுப்பில், 1914-இல், வாசிக்கும்போது இத்தகைய வாசகங்களை உரக்கப் படிக்கக்கூடாது என்று சாட்டியே தடை போட்டார். கேட்பவருக்குத் தெரியக்கூடாது, வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியவேண்டும். அந்த ஒருவரின் கண்ணிலிருந்தும் எடுத்து ஒளித்து வைப்பது என்ன நியாயம்?

முன்னுரை நான்கு பக்கம். பிரான்சின் ஓன்ஃப்ளூரில் 1866-இல் சாட்டி பிறந்தது, பாரிசின் ஷா நுவார் கேளிக்கை விடுதியில் பியானோ வாசித்துப் பிழைத்தது, 1898-இல் பாரிசின் புறநகரான ஆர்க்கேய்க்குக் குடிபோனது எல்லாம் உண்டு. அங்கே ஒற்றை அறையில் 27 ஆண்டுகள். வேறு யாரும் உள்ளே போனதில்லை. 1925-இல் அவர் இறந்தபிறகு நண்பர்கள் கதவைத் திறந்தபோது ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய இரண்டு பியானோக்களும் குவியலாகக் குடைகளும் கிடந்தன. குடைகளுக்கு ஒரு பத்தி முழுக்க ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் 1905-இல், 39 வயதில், ஜிம்னோபெடிகளை எழுதி 17 ஆண்டுகள் கழித்து, ஸ்கோலா கான்டோரம் இசைப் பள்ளியில் சேர்ந்து தம்மைவிட இளையவரான இசையமைப்பாளர் ரூசெலிடம் எதிரிசை இலக்கணம் (பல மெட்டுகளை ஒரே நேரத்தில் இணைத்துப் பின்னும் முறை) படித்து, 1908-இல் சான்றிதழ் வாங்கினாரே, அதற்கு அரை வரிதான். 41 வயதில் முதன்முதலாகப் பியானோ முன் உட்கார்ந்தவள் நான். எனக்குக் குடைகள் வேண்டாம், அந்த மூன்று வருடங்களைச் சொல்லுங்கள்.

ஜிம்னோபெடிகளுக்காக மட்டும் வாங்குபவர்கள் தயங்க வேண்டியதில்லை. க்னோசியென் வாசிக்கப் போகிறவர்கள் கூடவே ஒரு பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். என் பிரதியில் ஒவ்வோர் எண்ணையும் அடித்துவிட்டு அதனதன் சொல்லை மேலே எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. இரண்டாவது பக்கத்தில் கையெழுத்து கொஞ்சம் கோணல்.