வெள்ளவத்தையில் நான் நின்ற லொட்ஜ்: 2006 இலும் இப்போதும்

அக்காவின் மகளின் கலியாணத்துக்குக் கொழும்பு போனபோது வேண்டுமென்றே பழைய லொட்ஜிலேயே ரூம் எடுத்தேன். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை, ரயில் பாதைக்குக் கிட்ட. குறை சொல்லப் போவதால் பெயர் போடவில்லை, முதலாளி இப்போதும் அதே ஆள்தான்.

ஏசி இருக்கிறது, குளிர்தான் இல்லை. காலை ஏழு மணிக்குப் பிறகு குழாயில் தண்ணி நூல் மாதிரி வரும். விரிப்பு சுத்தம். சாப்பாடு கிடையாது, ஆனால் மேலே காலி வீதிக்கு ஏறினால் இடியப்பமும் சொதியும் கிடைக்கும், அதனால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

2006 ஜூலையில் விசா இன்டர்வியூவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரண்டு கிழமை என்று நினைத்து இங்கே ஒரு கட்டில் எடுத்தேன். ரூமுக்கு நாலு கட்டில். கண் ஒப்பரேசனுக்கு வந்த ஐயா ஒருவர், ஏஜென்சிக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருந்த இரண்டு பெடியன்கள், அப்புறம் நான். கீழே மேசையில் ஒரு பெரிய புத்தகம்: பெயர், நிரந்தர விலாசம், அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம், தங்கும் நாட்கள். அதன் பிரதி பொலிஸுக்குப் போகும். ஐயா 14 என்று எழுதியிருந்தார்.

ஆகஸ்ட் 11 முகமாலையில் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி பூட்டுப்பட்டது. ஐயா கீழே போய் 14ஐ வெட்டி 30 என்று எழுதினார், பிறகு அதையும் வெட்டினார். முதலாளி பேசாமல் பேனையைக் கொடுப்பார். ஐயாவிடம் பாதி வாடகைதான் வாங்கினார், ஆனால் பிளாஸ்க்கில் சுடுதண்ணி கேட்டால் அதற்குத் தனிக் காசு, மனுஷன் அப்படி! இரவில் மாடிப்படியில் எல்லோரும் இருந்து ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்போம். அது முடிந்ததும் பாத்ரூம் வாளிக்கு எங்களுக்குள் சண்டை. ஐயா கடைசியில் திருகோணமலை போய்க் கப்பலில்தான் ஊர் போனார்.

நான் 2007 பெப்ரவரியில் வெளிக்கிட்டுவிட்டேன். அந்த ஜூன் 7 ஆம் திகதி, கொழும்பில் நிற்கத் தகுந்த காரணம் இல்லை என்று சொல்லி, லொட்ஜுகளில் இருந்த 376 தமிழரை பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள், கூடுதலானோரை வவுனியாவுக்கு. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. தகுந்த காரணமாம். எங்கள் லொட்ஜில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் ஒருவரையும் படியேற விட்டதில்லை.

புத்தகம் இப்போதும் இருக்கிறது, அதே கட்டங்கள். காரணம்: கலியாணம். நாட்கள்: 4. முதலாளி கண்ணாடியை இறக்கிப் பார்த்து, “நாலு நாள்தானே தம்பி?” என்றார். எனக்குத் தலை நரைத்ததை அவர் கவனிக்கவில்லைபோல.

போகிறவர்கள் கடல் பக்க ரூம் கேளுங்கள், ரயில் சத்தம் இரண்டாம் நாள் பழகிவிடும். தண்ணியை இரவே வாளியில் பிடித்து வையுங்கள்.