ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு பி.எஃப். பென்ஷன் கைகொடுக்கிறதா?

ஒரே தெருவைக் கூட்டும் இருவரில் ஒருவர் நிரந்தரம், ஒருவர் காண்ட்ராக்ட். 1.4.2003-க்குப் பிறகு பணியில் சேர்ந்த தமிழக அரசு ஊழியர்களுக்கும் பழைய ஓய்வூதியம் வேண்டும் என்று சங்கங்கள் போராடுவது நியாயமே. ஆனால் காண்ட்ராக்ட் ஆளுக்கு இருப்பதெல்லாம் 1995-ல் வந்த இ.பி.எஸ். திட்டம்தான், அதாவது பி.எஃப். உடன் சேர்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். அதன் தரத்தைப் பார்ப்போம்.

முதலில் நல்லது. ஒரு மாதம் மட்டுமே பணம் கட்டியிருந்தாலும், பணியிலிருக்கும்போது இறந்தால் துணைவருக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு. பிள்ளைகள் இருவருக்கு 25 வயது வரை தனியாக வரும். அன்றாடக் கூலியில் ஓடும் வீட்டுக்கு இது பெரிய ஆதரவு.

முதுமைப் பென்ஷனில்தான் குறை. சம்பளம் 12,000 என்றால் நிர்வாகப் பங்கிலிருந்து 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், மாதந்தோறும் இதற்குப் போகிறது. கணக்கு இதுதான்: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். பென்ஷன் பெறத் தேவையான குறைந்தபட்ச 10 ஆண்டுக்கு 1,714 ரூபாய். 20 ஆண்டு முடித்தால் 2 ஆண்டு கூடுதலாகச் சேர்த்து 3,771. டி.ஏ. (அகவிலைப்படி) கிடையாது, 58 வயதில் வந்த தொகையேதான் 75-லும். 2014 செப்டம்பரில் வைத்த குறைந்தபட்சம் 1,000 ரூபாய் இன்னும் மாறவில்லை.

அதையும் பலர் இழப்பது காண்ட்ராக்டர் மாறும்போது. புதிய நிறுவனம் புது யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) போட்டுவிடும்; பழைய கணக்கில் வெளியேறிய தேதி பதிவாகாது. பணமுடையில் 10சி படிவத்தில் பென்ஷன் தொகையை எடுத்துவிட்டால் அந்தச் சர்வீஸ் அழிந்துபோகும். ஐந்து ஐந்து ஆண்டாக இரண்டு முறை எடுத்தவர் கையில் பென்ஷன் பூஜ்யம். பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிஃபிகேட் (சர்வீஸைக் காத்துவைக்கும் சான்று) வாங்குங்கள், இல்லையென்றால் 13-ஆம் படிவத்தில் கணக்கை மாற்றுங்கள். வெளியேறிய தேதியைக் கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து பி.எஃப். போர்ட்டலில் நீங்களே பதியலாம். 9 ஆண்டு 6 மாதம் இருந்தாலே 10 ஆண்டாகக் கணக்கு. ஆறு மாதம் மிச்சமிருக்கிறவர் அவசரப்பட்டு எடுத்துவிடக் கூடாது.

காண்ட்ராக்டர் பி.எஃப். கட்டாமல் விட்டால், முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் மாநகராட்சியும் பொறுப்பு. பென்ஷன் பேச்சுவார்த்தைக்குப் போகும் சங்கங்கள், காண்ட்ராக்ட் கைமாறினாலும் அதே யு.ஏ.என். தொடர வேண்டும் என்பதை டெண்டர் நிபந்தனையாகவே எழுதி வாங்க வேண்டும்.