11 அங்குல டேப்லெட்: பெட்டியில் அச்சிட்டதும் செங்கோட்டைச் சாரலில் கண்டதும்

ஓணத் தள்ளுபடிக்குக் கேரளத்தின் புனலூர், கொல்லம் வரை போய் டேப்லெட் வாங்கி வருகிறவர்கள் எல்லையோரச் செங்கோட்டை, புளியரைப் பக்கம் உண்டு. பெரும்பாலும் பிளஸ் டூ, நீட் படிக்கிற பிள்ளைகளுக்காக வாங்குகிறார்கள். அதனால் விளம்பரத்தில் ஒரு எண்ணை ஊதிப் பெரிதாக்குவது ஒரு குடும்பத்தின் சேமிப்பில் கை வைக்கிற காரியம். இங்கே பேசுவது 20,000 ரூபாய்க்குள் கிடைக்கும், சிம் போடும் வசதியுள்ள ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட்டைப் பற்றி. வெயிலிலும் மழையிலும் புழங்கிய பின் எழுதுவது. இந்த விலையில் வரும் பலவற்றின் பெட்டியிலும் இதே வாசகங்கள்தான் இருக்கின்றன.

‘16 ஜிபி ரேம்’ என்பதில் உண்மையான ரேம் 8 ஜிபிதான். மீதி 8, சேமிப்பகத்தில் ஒதுக்கிய இடம். அந்தச் சேமிப்புச் சிப்பின் வேகம் ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது. பதிவு செய்த வகுப்பு வீடியோ, ஒரு பிடிஎஃப், வாட்ஸ்அப் மூன்றும் திறந்திருந்தால் 8 ஜிபியே தாராளம். கூடுதல் 8 இருந்தும் இல்லாமலும் ஓட்டிப் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை. அமைப்புகளில் ரேம் விரிவாக்கத்தை அணைத்து, ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்கும். அதைத் திரும்பப் பெறுவது நல்லது. 128 ஜிபி என்று விற்பது கணினிக் கணக்கில் 119 ஜிபிதான். அதிலும் ஆண்ட்ராய்டும் நீக்க முடியாத ஆப்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மெய்யான ரேமைப் பார்க்க, ‘டேப்லெட் பற்றி’ பகுதியில் பில்ட் எண்ணை 7 முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் உள்ளே மெமரியைத் திறக்க வேண்டும்.

பேட்டரி 8,000 எம்ஏஹெச், ‘14 மணி நேர வீடியோ’. இதைக் கணக்குப் போட்டே சோதிக்கலாம். 3.85 வோல்ட்டில் 8,000 எம்ஏஹெச் என்பது 30.8 வாட்-மணி. 14 மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் திரை, பிராசசர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து 2.2 வாட்டுக்குள் அடங்க வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்து, நெட்வொர்க்கைத் துண்டித்து, ஏற்கெனவே இறக்கி வைத்த வீடியோவை ஓட்டினால் அது நடக்கலாம். வாசல் திண்ணையில் உட்கார்ந்து வெளிச்சத்தை முழுதாக ஏற்றினால் திரை மட்டுமே அதைவிட அதிகம் இழுத்துவிடும்.

எல்லையில் இன்னொரு சங்கடம். புளியரையைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை போகும் மலைப்பாதையில் சிக்னல் வந்து வந்து போகும். சிக்னல் மெலிந்தால் டேப்லெட் கூடுதல் சக்தியோடு கோபுரத்தைத் தேடும். கையில் எடுக்காமல் பையிலேயே கிடந்தாலும் சார்ஜ் இறங்கும். மலை ஏறுமுன் ஏரோபிளேன் மோடு போடுவதுதான் வழி. ஊருக்குள்ளேயே சில இடங்களில் கேரளத் தொலைத்தொடர்பு வட்டத்துக் கோபுரம் பிடிக்கும். டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் வகுப்பு நடுவில் இணையம் நின்றுபோகலாம். அதைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

‘33 வாட் அதிவேக சார்ஜிங்’ என்பது டேப்லெட் தாங்கும் அளவு. பெட்டியோடு வந்த சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கிறது. அதாவது 10 வாட். 30.8 வாட்-மணியை அது நிரப்ப 3 மணி நேரத்துக்கு மேல் ஆவது கணக்கிலேயே தெரிகிறது. சூடாக வீணாவதையும் சேர்த்தால் 4 மணி நேரத்தை நெருங்கும். தடித்த ரப்பர் உறையோடு சார்ஜ் போட்டால் சூடேறி, டேப்லெட்டே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். உறையைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

எல்லாவற்றையும்விட நமக்கு முக்கியமானது ‘தண்ணீர் தெறித்தாலும் கவலையில்லை’ என்ற வரி. தரக்குறியீடு ஐபி52. முதல் எண் 5 தூசிக்கானது; 2 தண்ணீருக்கானது. அந்த 2-க்கான சோதனையில் கருவியை 15 டிகிரி சாய்த்து, மேலிருந்து நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் சொட்ட விடுவார்கள். ஒவ்வொரு சாய்வுக்கும் இரண்டரை நிமிடம், மொத்தம் 10 நிமிடம். நம் ஊர்ச் சாரல் மேலிருந்து சொட்டுவதில்லை. கணவாய்க் காற்றோடு பக்கவாட்டில் அடிக்கிறது. 60 டிகிரி வரை சாய்வாக வரும் தூறலைத் தாங்கவே குறைந்தது 3 என்ற எண் வேண்டும். ஆனி, ஆடியில் பஸ் ஜன்னலோரம் இதை வெளியே எடுக்கவே கூடாது. திரையில் துளி விழுந்தால் விரல் பட்டதாக எண்ணித் தானாகவே பக்கம் புரளும். சார்ஜிங் துளைக்குள் ஈரம் போனபின் சார்ஜ் போட்டால் உள்ளிருக்கும் பின்கள் அரித்துக் கறுக்கும். துளை கீழ்நோக்கி இருக்கும்படி தட்டிவிட்டு, ஃபேன் காற்றில் நன்றாகக் காயவிட வேண்டும். அரிசிக்குள் புதைத்தால் தவிடும் தூளும் துளைக்குள் சேரும். தண்ணீர் புகுந்த பழுதுக்கு வாரண்டி கிடையாது என்று அதே பெட்டிக்குள் இருக்கும் தாளில் எழுதியிருக்கிறது.

‘2கே சினிமாத் திரை’ 2000×1200. எழுத்துகள் தெளிவு, கண்ணுக்கு இதம். அதில் குறை இல்லை. ஆனால் வைட்வைன் என்ற வீடியோப் பாதுகாப்புப் பூட்டின் கீழ்நிலையான எல்3 மட்டும் இருப்பதால் நெட்ஃபிளிக்ஸ் 480பி என்ற குறைந்த தெளிவைத் தாண்டாது. கடையிலேயே நெட்ஃபிளிக்ஸ் ஆப் அமைப்புகளில் பிளேபேக் விவரத்தைத் திறந்து, மேல்நிலையான எல்1 என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஸ்டைலஸ் வசதி’ என்றால் ரப்பர் முனைப் பேனா. உள்ளங்கை பட்டாலும் கோடு விழும். இயற்பியல் கணக்கெழுத உதவாது.

வீட்டில் பாடப்புத்தகம் படிக்க, வகுப்புப் பார்க்க இது போதும், நன்றாகவே போதும். அதை அப்படியே சொல்லி விற்றிருக்கலாம்.

ஏமாற்றம் என்று பட்டால் விட்டுவிடாதீர்கள். பெரிய வாக்குறுதியை மலையாளத்தில் போட்டு, நட்சத்திரக் குறியின் விளக்கத்தைப் பொடி ஆங்கிலத்தில் ஒளிப்பதற்கு 2022-ஆம் ஆண்டு விளம்பர வழிகாட்டு விதிகள் இடம் தரவில்லை. விளக்கமும் அதே மொழியில் இருக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். கேரளக் கடையில் வாங்கியிருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. பில், பெட்டியின் எல்லாப் பக்கங்களின் படம், கடை நோட்டீஸ், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை வாங்கிய அன்றே எடுத்து வையுங்கள். தள்ளுபடி முடிந்ததும் அந்தப் பக்கத்தை மாற்றிவிடுவார்கள்.