ஹட்டனில் ஒரு சொல்வள வகுப்பு: பெற்றோர் ஒருவரின் மதிப்பீடு

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் வகுப்புகளுக்கு, இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் குறைவில்லை. எனினும், சொல்வளத்துக்கென்றே நடத்தப்படும் வகுப்பு அரிது. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் சனிக்கிழமை காலையில் நடத்தும் அத்தகைய வகுப்பொன்றுக்கு என் மகளை இவ்வாண்டின் தொடக்கத்திலிருந்து அனுப்பி வருகிறேன். சில குறைகள் இருந்தாலும் அதை மனநிறைவோடு பரிந்துரைக்கிறேன்.

தரம் 6இல் பிரபல பாடசாலையொன்றில் அனுமதி கிடைப்பது இப்பரீட்சையின் வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதிக்கு எடுக்க வேண்டிய குறைந்தபட்சப் புள்ளியைப் பொறுத்தது. முதலாம் வினாத்தாளின் 40 வினாக்களுக்கு ஒரு மணி நேரமும் இரண்டாம் வினாத்தாளின் 60 வினாக்களுக்கு ஒன்றேகால் மணி நேரமுமே தரப்படுவதால், தெரியாத சொல்லொன்றில் தடுக்கி நிற்கும் பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும், வினா எதைக் கேட்கிறது என்று விளங்காமல் புள்ளியை இழந்துவிடும்.

இவ்வகுப்பில் சொற்பட்டியலை மனனம் செய்விப்பதில்லை. பத்திரிகைப் பந்தியொன்றைப் பிள்ளைகள் உரத்து வாசித்து, விளங்காத சொல்லின் கீழே பென்சிலால் கோடிடுகிறார்கள். முன்பின் வரும் வாக்கியங்களைக் கொண்டு பொருளை ஊகித்துச் சொன்ன பின்னரே அகராதியைத் திறக்க ஆசிரியை அனுமதிக்கிறார். நான் உடனிருந்த ஒரு நாள், மண்சரிவால் பயணிகள் இன்னலுற்றனர் என்ற செய்தி வந்தது. 'இன்னல்' என்றால் கோபம் என்றான் ஒரு சிறுவன். ஆசிரியை அதை உடனே மறுக்காமல், பாதை அடைபட்டு இரவெல்லாம் பஸ்ஸில் கைக்குழந்தையோடு இருக்கும் தாயின் நிலை எப்படியிருக்கும் என்று கேட்டார். "கஷ்டம், டீச்சர்" என்று பின்வாங்கிலிருந்து விடை வந்தது. அதன் பிறகே துன்பம், இடர், அல்லல் என்னும் ஒத்தகருத்துச் சொற்கள் கொப்பியில் ஏறின. ஒவ்வொன்றையும் சொந்த வாக்கியத்தில் எழுதிக் காட்டவும் வேண்டியிருந்தது.

மரபுச் சொற்களை, அதாவது இளம் பனையை வடலி என்பதுபோல வழிவழியாக வழங்கும் சொற்களைக் கற்பிக்கும் முறையும் பாராட்டுக்குரியது. பனை வடலியையும் தென்னம்பிள்ளையையும் கண்ணால் காணாத தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, கொழுந்து, கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரித்தல்) என வீட்டில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்கி அவற்றை அறிமுகப்படுத்துகிறார். வீட்டுத் தமிழுக்கு மதிப்பளிக்கும்போது பிள்ளை வாய்திறந்து பேசுகிறது. என் மகளிடம் நான் கண்ட பெரிய மாற்றமும் இதுவே.

குறைகளைச் சொல்வதானால், ல, ழ, ள வேறுபாட்டுக்கும் ர, ற வேறுபாட்டுக்கும் ஒதுக்கப்படும் நேரம் போதாது. கரை, கறை போன்ற சொற்களில் பிள்ளைகள் இன்னும் தடுமாறுகிறார்கள். வகுப்பில் கூட்டம் மிகுதி என்பதால் கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குப் பேசும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை. மஸ்கெலியா, பொகவந்தலாவை போன்ற இடங்களிலிருந்து வருவோருக்குப் பஸ் கட்டணம் தனிச் சுமை. அகராதியும் நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும்.

வாசிப்புப் பழக்கம் படிய மாதங்கள் பிடிக்கும் என்பதால், பரீட்சை நெருங்கும் கடைசித் தவணையில் சேர்ப்பதால் பெரிய பயன் இராது. தரம் 4 முடியும்போதே இடம் கேட்டு வைப்பது நல்லது.