மிஸ் கேரளா வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இரண்டு அடித் தொட்டிக்கு மிஸ் கேரளா என்ற அலங்கார மீன் ஆறு வாங்கி, மூன்று மாதத்துக்குள் நான்கைப் பறிகொடுத்திருக்கிறேன். வேறு யாரும் இப்படி ஏமாறக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். சென்னையில் அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் நேர்மையாக விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் கடையின் பெயர் வேண்டாம்.

மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொட்டி 24க்கு 12க்கு 12 அங்குலம், வீடு மொட்டை மாடிக்கு நேர்கீழே, ஏசி கிடையாது. எல்லாவற்றையும் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. “நம்ம ஊரு மீன் சார், எதையும் தாங்கும். பண்ணையில வளர்ந்தது, எது போட்டாலும் சாப்பிடும்” என்றார். ஜோடி 500 ரூபாய் என்று ஆறு மீனைக் கவரில் கட்டிக் கொடுத்தார். நம்ம ஊர் மீன் என்ற அந்த வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

வீட்டுக்கு வந்த மீன்கள் பெல்லட் என்ற உருண்டைத் தீவனத்தைத் தொடவில்லை. வாயில் வாங்கித் துப்பின. ஒன்றுக்கு மீசை பாதி அறுந்திருந்தது. இன்னொன்றின் விலாவில் பத்துப் பைசா அளவுக்குச் செதில் போயிருந்தது. கவரில் வந்த அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வாரம், மூடியில் குழாய் நுழையும் இடைவெளி வழியாக ஒன்று துள்ளிக் குதித்து, காலையில் பிரிட்ஜுக்கு அடியில் காய்ந்து கிடந்தது.

மே மாதம் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டது. ஒருநாள் விடிகாலை விளக்கைப் போட்டால், ஐந்தும் ஃபில்டர் தண்ணீர் விழும் மூலையில், வாயை மேலே வைத்துக் கூட்டமாக நின்றன. செவுள் படபடவென்று அடித்தது. மூக்கிலிருந்து கண்ணைத் தாண்டி முதுகுப் பக்கம் ஓடும் அந்தச் சிவப்புக் கோடு, வெளுத்துப்போன ரப்பர் வளையல் நிறத்துக்கு வந்துவிட்டது. “அப்பா, ஏன் எல்லாம் ஒரே பக்கம் நிக்குது?” என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலைக்குள் இரண்டு போய்விட்டன.

பதில் எளிமையானதுதான், அதைக் கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். மிஸ் கேரளா மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரளத்திலும் தென் கர்நாடகத்திலும், பாறைகளுக்கு நடுவே வேகமாக ஓடும் ஆறுகளின் மீன். சாலியாறு, வளபட்டணம், சந்திரகிரி போன்ற ஆறுகளில் இருக்கிறது. 1865இல் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே இதை விவரித்தபோது, அறிவியல் பெயரில் அப்போதைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசன் பெயரை வைத்தார். அந்தப் பெயரில் சென்னைத் தொடர்பு இருக்கிறதே தவிர, சென்னை வெயில் இதற்கு ஆகாது. 22 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 8.7 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 32 டிகிரியில் 7.3தான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடும். தண்ணீர் கொடுப்பது குறையும்போது மீன் கேட்பது அதிகமாகிறது. அப்புறம் இது 15 சென்டிமீட்டர் வரை வளரும், கூட்டமாக நீந்த நீளம் வேண்டும். 54 லிட்டரில் இதை வைப்பதே தப்பு.

செத்த மீன்களின் படத்தோடு கடைக்குப் போனேன். “தண்ணி மாத்தியிருப்பீங்க சார்” என்று பழியை என் மேலேயே போட்டுவிட்டு, சமாதானத்துக்கு இரண்டு குட்டிப் பஃபர் மீன்களைக் கொடுத்தார். நத்தையைச் சாப்பிடும், கொஞ்சம் கல் உப்பு போட்டால் போதும் என்றார். அதுவும் பொய். இந்தக் குள்ளப் பஃபர் பம்பை போன்ற கேரள ஆறுகளில் வாழ்நாள் முழுக்க நன்னீரிலேயே இருப்பது, உப்பே வேண்டாம். மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆனால் மற்ற மீனின் துடுப்பைக் கடித்துக் குதறும். மிச்சமிருந்த மூன்றின் வாலும் நான்கே நாளில் கந்தலாகி, நான்காவது மீனும் போனது.

பிறகுதான் பல வருடமாக மீன் வளர்க்கும் நண்பரைக் கூப்பிட்டேன். நான் வாங்கிய அன்று எடுத்த படங்களைப் பார்த்தவர், “இது பண்ணை மீனே இல்லப்பா, ஆத்துல வலை போட்டுப் பிடிச்சது மாதிரி இருக்கு” என்றார். ஒரே ஈட்டுக் குஞ்சுகள் என்றால் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், பெல்லட்டுக்குப் பழகியிருக்கும். என்னுடையவை ஆளுக்கொரு அளவு, அறுந்த மீசை, ஒட்டிய வயிறு.

இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. மிஸ் கேரளா, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள மீன். அலங்கார மீன் வியாபாரத்துக்காக அள்ளியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆற்றில் பிடிப்பதற்குக் கேரள அரசு 2008இல் கட்டுப்பாடுகள் கொண்டுவந்தது. பண்ணையில் இதைக் குஞ்சு பொரிக்க வைக்கவும் முடியும், உண்மையான பண்ணை மீன் சந்தையில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி ஆற்று மீனை விற்றால், வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? என் காசும் அந்த ஆற்றைக் காலி பண்ணப் போயிருக்கலாம் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

நம் பக்கத்து மீன்தான் வேண்டும், தொட்டி சின்னது என்றால் தேன் கவுராமி இருக்கிறது. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் ஓட்டம் குறைந்த தண்ணீரில் வாழ்வது. மேலே வந்து நேராகக் காற்றைக் குடிக்கும் உறுப்பு அதற்கு உண்டு. ஐந்து சென்டிமீட்டர்தான். இலங்கையின் செர்ரி பார்பும் அதே அளவுதான். கடையில் எதை வாங்கினாலும் கண் முன்னால் பெல்லட் போடச் சொல்லுங்கள். சாப்பிடாத மீனைக் கவரில் கட்ட விடாதீர்கள்.

மிஞ்சிய இரண்டையும் நண்பர் தன் ஐந்து அடித் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டார், பஃபர்கள் தனித் தொட்டியில் இருக்கின்றன. ஏற்கெனவே மிஸ் கேரளா வாங்கி, இந்த வெயிலில் தவித்துக்கொண்டிருப்பவர்கள், பெரிய தொட்டி கிடைக்கும்வரை ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். மூடிக்குப் பதில் வலை போட்டு, டேபிள் ஃபேனைத் தண்ணீரின் மேற்பரப்புக்குத் திருப்பி விடுங்கள், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை அள்ளிப் போடாதீர்கள், சட்டென்று குளிர்ந்தாலும் மீன் தாங்காது.