சாம்பல் சுவருக்கு எந்த நிறம் எடுப்பு? மண்டபம் வீட்டில் நாலு வருட அனுபவம்

2021 ஆவணியில் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். ஹாலுக்குச் சாம்பல்தான் என்று ஒற்றைக்காலில் நின்றது நான். முதல் கோட் காய்ந்ததும் மாமியார் வந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "ஏத்தா, சிமென்ட் பூசி அப்படியே விட்ட மாதிரில இருக்கு, பெயின்டுக்குக் காசு பத்தலையான்னு கேப்பாக" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் பாதி சரி. வெறும் சாம்பல் சுவர் அப்படித்தான் இருக்கும். பக்கத்தில் என்ன நிறம் வந்து உட்காருகிறது என்பதில்தான் அதன் பிழைப்பே இருக்கிறது. அந்தப் பக்கத்து நிறத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது, மூன்று தடவை காசும் போனது.

எங்கள் வீடு ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில், பாக் விரிகுடாப் பக்கம், ஹாலின் பெரிய ஜன்னல் வடக்கே பார்த்தது. வடக்கு ஜன்னலில் வெயில் விழாது என்று வீடு கட்டும்போது எல்லாரும் சொன்னார்கள். டெல்லிக்காரர்களுக்கு அது பெரும்பாலும் சரி. நம் ஊரில் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பாதி வரை உச்சிப்பொழுதில் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் நேர் வெயில் உண்டு. மற்ற மாதங்களில் உள்ளே வருவது வானத்து வெளிச்சம், அது நீலம் கலந்த வெளிச்சம். கடையில் பார்த்தபோது எந்தப் பக்கமும் சாயாமல் இருந்த சாம்பல், வீட்டுச் சுவரில் ஏறியதும் நீலம் தட்டியது இதனால்தான். ஷேட் கார்டை, அதாவது பெயின்ட் நிற மாதிரி அட்டையை, ஒரு வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்திருந்தால் அதற்குள் ஏற்கெனவே நீலம் ஒளிந்திருந்தது தெரிந்திருக்கும். எனக்கு அது அப்போது தெரியாது.

முதல் தப்பு, கடற்கரை வீடு என்பதால் நீலம் என்று நினைத்தது. நீல மெத்தை உறை, நீலத் திரைச்சீலை, ஒரு நீல ஜாடி. போட்ட அன்றே சுவர் அழுக்கடைந்த மாதிரி ஆகிவிட்டது. துடைத்துக்கூடப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். அப்புறம் பளிச்சென்று மஞ்சள். ஒரு மாதம் வீடே கலகலவென்று இருந்தது, ஆனால் சாயங்காலம் ஆனால் சுவரில் லேசாக ஒரு ஊதா. அதோடு அடுத்த கோடைக்குள் ஜன்னலோர உறைகள் வெளுத்து, வெயில் படாத பின்பக்கம் ஒரு மஞ்சள், முன்பக்கம் வேறு மஞ்சள் என்று ஆனது. மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டால் போய்விடும் என்று தெரிந்த ஊர்க்காரி, மஞ்சள் துணியைக் கொண்டுபோய் வெயிலிலேயே வைத்தேன். சமையல் மஞ்சளும் சாயமும் ஒன்றில்லைதான், ஆனாலும் மலிவான சாயம் என்றால் கதை கிட்டத்தட்ட அதேதான்.

மூன்றாவதுதான் பெரிய செலவு. டிவி இருக்கும் சுவரை மட்டும் மயில்கழுத்து நிறத்தில் அடர்த்தியாக அடித்தோம். பார்க்க அழகு, மறுக்கவே மாட்டேன். ஐப்பசி மழை முடிந்து தை பிறப்பதற்குள் சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்துவிட்டது. ஈரம் சுவருக்குள் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறும், தண்ணீர் ஆவியாகும், உப்பு வெள்ளையாக வெளியே நிற்கும், பெயின்டையும் பொரித்துத் தள்ளும். இந்தக் கரையில் இது எல்லா வீட்டிலும் நடப்பது. சாம்பல் சுவரிலும் பூத்திருந்தது, குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. அடர்நிறச் சுவரிலோ வாசலில் நிற்கிறவருக்கே தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய் இன்னும் அதிகமாகப் பூத்தது. உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுப்பதுதான் சரி. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பவர்கள் அடர்நிறச் சுவர் ஆசையை விட்டுவிடுவது நல்லது, இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. நாங்கள் அந்தச் சுவரைத் திரும்பவும் சாம்பலாக்கினோம்.

வழி கிடைத்தது ஒரு சேலைக் கடையில். 2023-ல் நாத்தனார் கல்யாணத்துக்காகப் பரமக்குடிக்குக் கைத்தறிச் சேலை எடுக்கப் போனபோது சாம்பல் உடலில் அரக்குக் கரை போட்ட ஒரு பருத்திச் சேலையைப் பிரித்துப் போட்டார்கள். மாமியார் வழக்கம்போல அதை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெளிச்சத்தில் பார்த்தார். நானும் பின்னாலேயே போனேன். அந்தச் சாம்பல் செத்த நிறமாகவே இல்லை! உடல், கரை, முந்தி என்று மூன்றுக்கும் எவ்வளவு இடம் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. நான் வீட்டில் கரையை, அதாவது சுவருக்குப் பக்கத்து நிறத்தை, உடல் அளவுக்கு அகலமாக்கி வைத்திருந்தேன்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் கிடைத்தது. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கருப்பு நூல் கருப்பாகவே இல்லை என்று புகார் வந்ததாம். அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் ஓடும் நூலின் நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது. ஒரு நிறம் தன் பக்கத்திலிருப்பதன்மேல் தனக்கு எதிர் நிறத்தைச் சாய்க்கும். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா, நீலத்துக்குப் பக்கத்தில் மங்கலான செம்பழுப்பு, சிவப்புக்குப் பக்கத்தில் நீலப்பச்சை. என் சுவர் அழுக்கானதும் ஊதாவானதும் ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அரக்கு உறைகளைப் போட்டதும் சுவரில் லேசாக ஒரு நீலப்பச்சை ஏறியது, மேகம் போட்ட அன்றைக்குக் கடல் இருக்குமே, அந்த நிறம். நீலத்தை விலைக்கு வாங்கி வைத்தபோது வராத கடல் அது.

எந்த அரக்கு என்றால், நன்றாகக் காய்ந்த முண்டு மிளகாய் நிறம். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், நிறத்துக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். நாலு மெத்தை உறை, திரைச்சீலையின் அடியில் ஒரு சாண் கரை, அவ்வளவுதான் அரக்கு. கூட, பனை ஓலைப் பெட்டிகள் இரண்டும் ஒரு கோரைப்பாயும், சாயம் போடாத ஓலை நிறத்தில். வாசல் பக்கம் ஒரு பூந்தொட்டி காவி பூசியது. காவி இரும்புத் துரு சம்பந்தப்பட்ட மண் நிறம் என்பதால் வெயிலுக்கு அசைவதில்லை. துணி அரக்கு அப்படி இல்லை, இரண்டு வருடத்தில் ஜன்னலோர உறைகள் கொஞ்சம் இறங்கியிருக்கின்றன. சித்திரையில் அவற்றைச் சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டு ஐப்பசியில் திரும்பக் கொண்டுவருகிறேன். மஞ்சளைப் போல அசிங்கமாக வெளுக்கவில்லை, பழசான பருத்திச் சேலை போல நிறம் தணிந்திருக்கிறது, அவ்வளவே.

விளக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் வெள்ளை வெளிச்ச டியூப் லைட்டில் அரக்கு கருத்துப்போய்விடும், சுவர் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும். 3000 கெல்வின் பல்பு போட்டதும் அதே உறைகள் உயிர் பெற்றன. ஆனால் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்று வீட்டில் சண்டை, அதனால் இப்போது இரண்டும் உண்டு, தனித்தனி சுவிட்சில்.

தங்க நிற உலோகம் சாம்பலுக்குப் பொருந்தும் என்று எங்கும் சொல்கிறார்கள், பொருந்தத்தான் செய்கிறது. தங்க முலாம் பூசிய என் இரும்புத் திரைக்கம்பி ஒரே மழைக்காலத்தில் துருவை உதிர்த்து, திரைச்சீலையில் கறையும் ஏற்றியது. இப்போது மரக்கம்பி. பித்தளை வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்கும் பொறுமை வேண்டும், எனக்கு ஒரே ஒரு குத்துவிளக்கோடு அது முடிந்துவிடும்.

அடுத்த வருடம் மறுபடி பெயின்ட். சாம்பல்தான், ஆனால் நீலத்துக்குப் பதில் கொஞ்சம் மண் நிறம் கலந்ததாகப் பார்க்கிறேன். போன வாரம் ஷேட் கார்டு வந்தது. நான் வெள்ளைத் தாள் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் மாமியார் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தார்.