சேலையில் நிற்க மறுத்த கமரா: ஓய்வுபெற்ற நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரின் மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில், நீதிமன்றம் அனுப்பும் பிள்ளைகளைக் கண்காணிக்கும் நன்னடத்தை உத்தியோகத்தராக 22 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், ரொறன்ரோவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து தந்த உடலணி கமரா (உடையில் மாட்டி, நடப்பதைப் பதியும் கருவி) ஒன்றை, அப்பிள்ளைகளின் இல்லங்களில் பணியாற்றுவோருக்கு உதவுமா என்று அறிய, இரண்டு கிழமைகள் அணிந்து பார்த்தேன். பிள்ளைகள் தங்கியிருக்கும் எந்த இல்லத்துக்குள்ளும் அதைக் கொண்டு செல்லவில்லை. பழைய சக உத்தியோகத்தர்கள் இருவரை வீட்டு விறாந்தைக்கு அழைத்து, கைகலப்பை விலக்குவது, கோபத்தில் நிற்பவரைப் பேசித் தணிப்பது என எங்களுக்குப் பழகிய சூழல்களை நடித்தே சோதித்தேன்.

முதற்குறை, கமராவை உடையில் மாட்டும் கொழுவியில் இருக்கிறது. தடித்த சீருடைக்கென்று செய்யப்பட்ட அது பருத்திச் சேலை மடிப்பில் நிற்பதில்லை. குனிந்து நிமிர்ந்தால் கமரா வானத்தையோ என் நாடியையோதான் பார்க்கிறது. கைகலப்பை விலக்கிய காட்சியில், தேவையான கணத்தில் பதிவானது என் முந்தானை மட்டுமே. சேர்ட் அணிந்த சக உத்தியோகத்தரிடம் அதே கருவி ஒழுங்காக இருந்தது. இந்த வேலையைப் பெண்களும் செய்கிறார்கள் என்பதை வடிவமைத்தவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஸ்கூட்டரில் போகையில் சோளகக் காற்றின் இரைச்சல் பேச்சை முழுதாக விழுங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

படத்தெளிவு நன்று, மங்கலான அறையிலும் முகம் தெரிகிறது. விசையை அழுத்துவதற்கு முந்திய 30 செக்கன்களையும் ஒலியின்றிச் சேமித்து வைக்கிறது. சண்டை மூளும்போது விசையின் நினைவு எவருக்கும் வராது என்பதால் இது பயனுள்ள ஏற்பாடே. ஆயினும் முதல் வார்த்தையை விட்டவர் யார் என்பதையே பின்னர் விசாரணையில் துருவிக் கேட்பார்கள். அந்த வார்த்தை பெரும்பாலும் ஒலியில்லாத அந்த 30 செக்கன்களுக்குள்தான் விழுந்திருக்கும்.

உத்தியோகத்தரை இது காக்குமா? 2012இல் கலிபோர்னியாவின் றியால்ற்றோ நகரப் பொலிஸாருக்கு இத்தகைய கமரா அணிவித்துத் தொடங்கிய சோதனையில் பலப்பிரயோகமும் முறைப்பாடுகளும் குறைந்தன. 2,000க்கு மேற்பட்ட பொலிஸாரை உள்ளடக்கி 2017இல் வெளியான வொஷிங்டன் நகர ஆய்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இரண்டுமே வீதிப் பொலிஸாரைப் பற்றியவை. அடைபட்ட இடத்தில், பயத்தினால் கை ஓங்கும் பதினைந்து வயதுப் பிள்ளை, பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கைக் கண்டு அடங்கும் என்று என் அனுபவம் சொல்லவில்லை. சிலர் அதைப் பார்த்ததும் இன்னும் மோசமாக நடந்துகொள்வார்கள். இரவுக் கடமையில் தனித்து நிற்பவருக்கு, அடி விழுந்த பின்னர் இக்கருவி சான்று தருமே தவிர உதவிக்கு எவரையும் கூப்பிடாது, ஏனெனில் இதில் அவசர அழைப்பு விசை இல்லை. கையில் பணமிருந்தால், இரவுக்கு இரண்டாவது ஆளையும் சுவரில் ஓர் அபாய மணியையுமே நான் முதலில் கேட்பேன்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும் ஒன்றைப் பொறுக்க முடியவில்லை. கருவியைக் கணினியில் இணைத்தால், கடவுச்சொல் கேளாமலே பதிவுகள் அனைத்தும் திறக்கின்றன. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவை விசேட வகைக்குள் வைத்திருக்கையில், ஒரு பிள்ளை அழுத முகத்தை யாரும் ஒரு வயரைச் செருகிப் பார்த்துவிடலாம் என்ற நிலையில் உள்ள இக்கருவியை எந்த இல்லத்துக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.